தூக்குவது வேறு, தாங்குவது வேறு

ஞாயிறு காலைத் திருப்பலி முடிந்து மக்கள் வீடு திரும்பிய பின், இராஜபாளையத்துத் தெருக்களில் ஒரு காட்சியைக் காணலாம். வீட்டு முற்றத்தில் கார் ஒன்று ஒரு பக்கம் உயர்ந்து நிற்கும். அதன் அடியிலிருந்து இரண்டு கால்கள் மட்டும் வெளியே நீண்டிருக்கும். அருகில் ஒரு சிறுவன் ஸ்பேனரைக் கையில் ஏந்தியபடி, தந்தையின் குரலுக்குக் காத்து நிற்பான். வீட்டுக்காரர் தம் காரைத் தாமே பழுது பார்க்கிறார்!

ஒரு காலத்தில் கார் என்பது ஆலை முதலாளி வீட்டிலும் மருத்துவர் வீட்டிலும் மட்டுமே காணப்பட்ட பொருள். 1983-ஆம் ஆண்டு டிசம்பரில் மாருதி 800 வெளிவந்த பின் அந்நிலை மெல்ல மாறியது. இன்று ஆலைத் தொழிலாளியின் வீட்டிலும், பள்ளி ஆசிரியரின் வீட்டிலும் கைமாறி வந்த கார் ஒன்று நிற்கிறது. ஒவ்வொரு சிறு பழுதுக்கும் ஒர்க்‌ஷாப்புக்குச் சென்றால் குடும்பச் செலவு தாங்காது. ஆகவே சக்கரம் மாற்றுதல், ஆயில் மாற்றுதல், தளர்ந்த சைலன்சரைக் கட்டுதல் போன்றவற்றைத் தாமே செய்துகொள்வோர் பலர். சிக்கனம் கருதிய இம்முயற்சி பாராட்டத்தக்கதே. எனினும், ஆயிரம் கிலோ எடையுள்ள பொருளின் அடியில் படுத்துச் செய்யும் வேலை இது என்பதை மறத்தலாகாது. இவ்வுண்மையை நாம் ஏட்டில் படித்து அறியவில்லை. நேரில் கண்டு அறிந்தோம்.

ஒரு குவளை காப்பி

சில ஆண்டுகளுக்கு முன், ஐப்பசி மாதத்தில் ஒரு நாள், ஸ்ரீவில்லிபுத்தூரில் உள்ள நம் மைத்துனர் வீட்டுக்குச் சென்றிருந்தோம். அவரிடம் பழைய அம்பாசடர் கார் ஒன்று இருந்தது. சைலன்சரைப் பிடித்து நிறுத்தும் பட்டை அறுந்து, வண்டி ஓடும்போதெல்லாம் கடகடவென்று ஓசை எழுந்தது. "நாமே கட்டிவிடலாம் அத்தான், அரை மணி நேர வேலைதான்" என்றார் அவர். நாமும் சட்டையைக் கழற்றிவிட்டு இறங்கினோம்.

இரண்டு நாள் மழை பெய்து ஓய்ந்திருந்தது. முற்றத்து மண் மேலே உலர்ந்தாற்போல் தெரிந்தது. கைபிரேக்கை இழுத்துவிட்டு, முதல் கியரில் வண்டியை நிறுத்தினோம். டிக்கியிலிருந்த ஜாக்கியை எடுத்து வெறும் மண்ணில் வைத்து, வலப்பக்கப் பின்பகுதியை உயர்த்தினோம். பாதுகாப்புக்கு என்று நான்கு செங்கற்களையும் அடுக்கி வைத்தோம். பின்னர் இருவரும் மாறிமாறி அடியில் நுழைந்து வேலை பார்த்தோம்.

வேலை பாதி நடந்திருக்கும். "காப்பி ஆறிப் போகுது மாப்பிள்ளை, குடிச்சிட்டு வந்து பாருங்க" என்று மாமியார் திண்ணையிலிருந்து அழைத்தார். நாம் வெளியே வந்து குவளையைக் கையில் வாங்கிய சிறிது நேரத்தில், முற்றத்தில் "மடார்" என்ற ஓசை கேட்டது. திரும்பிப் பார்த்தோம். வண்டி அரை அடி முன்னே நகர்ந்து தரையில் இறங்கியிருந்தது. ஜாக்கி ஒருக்களித்துக் கிடந்தது. செங்கற்கள் தூளாகிவிட்டன. சற்றுமுன் நம் மார்பு இருந்த இடத்தில், இப்போது தரைக்கும் இரும்புக்கும் இடையே ஒரு சாண் இடைவெளிகூட இல்லை. அன்று அந்தக் காப்பியை யாரும் குடிக்கவில்லை.

மறுநாள் இராஜபாளையத்தில் நமக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவரிடம் நடந்ததைச் சொன்னோம். நாற்பதாண்டுக் காலம் வண்டிகளின் அடியிலேயே வாழ்ந்தவர் அவர். முழுவதையும் கேட்டுவிட்டு, கையிலிருந்த கிரீஸைத் துடைத்துக்கொண்டே, "தம்பி, ஜாக்கி தூக்குறதுக்குத்தான். தாங்குறதுக்கு இல்லை. தூக்குறது வேற, தாங்குறது வேற" என்றார். பின்னர், நாம் செய்த தவறுகளை ஒவ்வொன்றாக விரல்விட்டு எண்ணினார். அவர் சொன்னவற்றையும், அதன்பின் நாம் தேடிக் கற்றவற்றையும் இங்கே வாசக அன்பர்கள் முன் வைக்கிறோம்.

ஜாக்கி வேலை செய்யும் விதம்

நெம்புகோலும் திருகும் மனிதன் பழங்காலந்தொட்டு அறிந்த கருவிகள். பெரும்பாலான கார்களோடு வரும் ஜாக்கி திருகு வகையைச் சேர்ந்தது. கைப்பிடியைச் சுழற்றச் சுழற்ற, கத்தரிபோல் மடிந்திருக்கும் அதன் கைகள் நிமிர்ந்து வண்டியை உயர்த்தும். டிக்கியில் அடங்க வேண்டும் என்பதற்காகச் சிறியதாகவும் இலேசாகவும் செய்யப்பட்ட கருவி அது. அடிப்பாகம் குறுகியது. நேர் கீழாக வரும் பளுவைத் தாங்குமே தவிர, பக்கவாட்டில் ஒரு தள்ளு விழுந்தால் சாய்ந்துவிடும். சாலையில் சக்கரம் மாற்றுவதற்கு மட்டுமே அது தரப்படுகிறது. அடியில் நுழைந்து வேலை செய்வதற்கு அன்று.

மற்றொரு வகை எண்ணெயின் அழுத்தத்தால் இயங்குவது. அடைபட்ட நீர்மத்தின் ஓரிடத்தில் கொடுக்கப்படும் அழுத்தம் எல்லாத் திசைகளிலும் சமமாகப் பரவும் என்னும் விதியை, 17-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு அறிஞர் பிளெய்ஸ் பாஸ்கல் விளக்கினார். 1795-இல் இங்கிலாந்தின் ஜோசப் பிராமா இவ்விதியைக் கொண்டு அழுத்தும் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். 1851-இல் நியூயார்க்கைச் சேர்ந்த ரிச்சர்டு டஜன் என்பார் எடுத்துச் செல்லத்தக்க ஜாக்கிக்குக் காப்புரிமை பெற்றார். ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்புள்ள சிறு தண்டை 10 கிலோ விசையுடன் அழுத்தினால், 40 சதுர சென்டிமீட்டர் பரப்புள்ள பெருந்தண்டு 400 கிலோ எடையைத் தூக்கும். ஒரு சிறுவனின் கைவலிமை காரை உயர்த்திவிடும் விந்தை இதுவே.

ஆனால் அந்த 400 கிலோவும் எதன்மேல் நிற்கிறது? உள்ளேயுள்ள சிறு ரப்பர் வளையத்தை நம்பியே நிற்கிறது. அந்த ஆயில் சீல் தேய்ந்திருந்தாலோ, எண்ணெயை விடுவிக்கும் திருகில் தூசு சிக்கியிருந்தாலோ, தண்டு மெல்ல இறங்கத் தொடங்கும். சில வேளைகளில் திடீரென்றும் இறங்கும். ஜாக்கியின் மேல் "2 டன்" என்று பொறித்திருப்பது, அது நல்ல நிலையில் செங்குத்தாக நின்று தூக்கக்கூடிய எடையேயாகும். எவ்வளவு நேரம் அது அப்படியே நிற்கும் என்று அந்த எழுத்து உறுதி கூறவில்லை.

மண்ணின் இயல்பு

நம் முதல் தவறு வெறும் மண்ணில் ஜாக்கியை வைத்தது. நம் மாவட்டத்தின் பெரும்பகுதி கரிசல் நிலம். கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும், மழையில் குழைந்துவிடும். மேற்குமலை அடிவாரத்துச் செம்மண்ணும் ஈரம் பட்டால் இளகவே செய்யும்.

ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். காரின் ஒரு மூலையைத் தூக்கும்போது ஜாக்கியின் மேல் 400 கிலோ வரை இறங்குகிறது என்று கொள்வோம். ஜாக்கியின் அடிப்பாகம் 10 சென்டிமீட்டர் சதுரம் எனில், அதன் பரப்பு 100 சதுர சென்டிமீட்டர். ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் மண்ணும் 4 கிலோவைச் சுமக்க வேண்டும். ஈர மண் இதைத் தாங்காது. அதே ஜாக்கியின் கீழ் ஓர் அடி நீளமும் ஓர் அடி அகலமும் உள்ள கெட்டிப் பலகையை வைத்தால் பரப்பு ஏறத்தாழ 900 சதுர சென்டிமீட்டர் ஆகிறது. இப்போது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு அரைக் கிலோவுக்கும் குறைவான சுமையே விழும். இரண்டு அங்குலக் கனமுள்ள ஒரு பலகைத் துண்டு இவ்வளவு பெரிய உதவியைச் செய்துவிடுகிறது!

சிமெண்டுத் தளமே எல்லாவற்றிலும் சிறந்தது. மழை பெய்த மறுநாள் மண் தரையில் இவ்வேலையைத் தொடங்கவே கூடாது. கோடையிலும் வெயிலில் இளகிய தார் ரோட்டில் பலகையின்றி ஜாக்கியை வைத்தால், அது உள்ளே அமிழ்ந்துவிடும்.

முட்டுக்கட்டை

இரண்டாவது தவறு சக்கரங்களுக்கு முட்டுக் கொடுக்காதது. ஸ்ரீவில்லிபுத்தூரில் வாழ்வோர்க்கு இதை விளக்க வேண்டுவதில்லை. தமிழகத்தின் பெரிய தேர்களுள் ஒன்று அவ்வூரில் ஓடுகிறது. தேரோட்டத்தில் வடம் பிடிப்போர் எத்தனை பேர் இருந்தாலும், சக்கரத்தின் கீழ் முட்டுக்கட்டை போடுவோரின் கையிலன்றோ எல்லாருடைய பாதுகாப்பும் இருக்கிறது! மலைபோன்ற தேரை நிறுத்துவது ஒரு மரக்கட்டை. நம் சிறு காருக்கும் அதே மரக்கட்டைதான் காவல்.

"கைபிரேக் இருக்கிறதே, கியரும் போட்டிருக்கிறோமே" என்று எண்ணுவோர் உண்டு. நாமும் அவ்வாறே எண்ணினோம். பெரும்பாலான கார்களில் கைபிரேக் பின் சக்கரங்களை மட்டுமே பிடிக்கிறது. பின்புறம் முழுவதையும் தூக்கிவிட்டால், தரையில் நிற்கும் முன் சக்கரங்களைக் கைபிரேக்கு பிடிப்பதில்லை. ஒரு பின் சக்கரத்தை மட்டும் தூக்கினாலும், மறு சக்கரத்தின் பிரேக்கு தேய்ந்திருந்தால் பயனில்லை.

கியரின் நிலையோ இன்னும் மோசம். எஞ்சினால் இயங்கும் இரண்டு சக்கரங்களும் 'டிபரன்ஷியல்' என்னும் பற்சக்கர அமைப்பால் இணைக்கப்பட்டுள்ளன. வளைவில் திரும்பும்போது ஒரு சக்கரம் விரைவாகவும் மற்றது மெதுவாகவும் சுழல இடந்தருவது அதுவே. அவற்றுள் ஒன்று அந்தரத்தில் நின்றால், தரையிலுள்ள சக்கரம் முன்னோக்கி உருள, அந்தரத்தில் நிற்பது பின்னோக்கிச் சுழன்று வழிவிட்டுவிடும். எஞ்சின் அசையாது, கியரும் விலகாது, வண்டி மட்டும் நகர்ந்துவிடும்! நம் அம்பாசடர் அன்று அரை அடி நகர்ந்தது இவ்வாறே. முன் சக்கரங்களால் இயங்கும் மாருதி போன்ற வண்டிகளில், ஒரு முன் சக்கரத்தைத் தூக்கும்போது இதே நிலை ஏற்படும்.

பார்வைக்குச் சமதளமாகத் தோன்றும் முற்றத்திலும் மழைநீர் வடிவதற்கென்று சிறு சரிவு இருக்கும். இருபது அடிக்கு ஓர் அடி சரிவு இருந்தாலே, ஆயிரம் கிலோ எடையுள்ள காரை ஏறத்தாழ 50 கிலோ விசை கீழ்நோக்கி இழுத்துக்கொண்டிருக்கும். ஆகவே, தூக்கும் மூலைக்கு எதிர்மூலையில் உள்ள சக்கரத்தின் முன்னும் பின்னும் ஆப்பு வடிவில் அறுத்த மரக்கட்டைகளை இறுக்கி வைத்தல் வேண்டும். கையில் அகப்பட்ட உருண்டைக் கல் போதாது. சக்கரத்தோடு சேர்ந்து அதுவும் உருண்டுவிடும்.

செங்கல்லை நம்பலாமா?

மூன்றாவது தவறு செங்கல். வீடு கட்டும் கல் காரைத் தாங்காதா என்று கேட்கத் தோன்றும். சுவரில் செங்கல்லின் மேல் பளு பரவலாக இறங்குகிறது. நாற்புறமும் கலவை பிடித்திருக்கிறது. காரின் அடியிலோ ஓர் இரும்பு முனை ஒரே புள்ளியில் அழுத்துகிறது. செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் எச்சரிக்கை தராமல் உடைபவை. மரம் முறியுமுன் பெரும்பாலும் முனகும், வளையும். கல் ஒரே நொடியில் தூளாகும். கருங்கல் உடையாவிடினும் வழுக்கும். ஆகவே இவற்றுள் எதையும் காரின் அடியில் அடுக்கலாகாது.

இதற்கென்றே விற்கப்படும் இரும்புத் தாங்கி உண்டு. ஜாக்கி ஸ்டாண்டு என்று கேட்டால் கடையில் தருவார்கள். அகன்ற கால்களும், உயரத்தைக் கூட்டிக் குறைக்கப் பற்களோ துளைகளோ உள்ள நடுத்தண்டும் கொண்டது அது. அதில் எண்ணெய் இல்லை, ரப்பர் வளையம் இல்லை. இரும்பின்மேல் இரும்பு நிற்கிறது. ஜாக்கி வண்டியைத் தூக்கட்டும். தூக்கிய வண்டியை இந்த ஸ்டாண்டு தாங்கட்டும். மெக்கானிக் அண்ணாச்சி சொன்னதன் பொருள் இதுவே. வண்டியின் எடையை நன்கு தாங்கக்கூடிய ஒரு ஜோடி ஸ்டாண்டின் விலை, ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவா சில கிலோவின் விலையே ஆகும்.

வேலையின் ஒழுங்கு

இனி, வேலையைத் தொடங்குவது முதல் முடிப்பது வரை செய்ய வேண்டியவற்றை வரிசையாகக் காண்போம்.

முதலாவதாக, வண்டியிலிருந்து எல்லாரையும் இறக்கிவிட வேண்டும். டிக்கியிலுள்ள சுமைகளையும் இறக்க வேண்டும். சமமான கெட்டித் தரையில் நிறுத்தி, கைபிரேக்கை இழுத்து, கியரில் வைத்து, அதன்பின் முட்டுக்கட்டைகளை இடுக.

இரண்டாவதாக, சக்கரத்தைக் கழற்றுவதாயின், அது தரையில் இருக்கும்போதே நட்டுகளைச் சிறிது தளர்த்திவிட வேண்டும். தூக்கிய பின் வீல் ஸ்பேனரில் ஏறி மிதித்தால், அந்த உதறலே வண்டியை ஜாக்கியிலிருந்து தள்ளிவிடப் போதும்.

மூன்றாவதாக, தூக்க வேண்டிய இடத்தை அறிந்து தூக்க வேண்டும். இன்றைய கார்கள் பலவற்றில், முன் சக்கரத்துக்குப் பின்னும், பின் சக்கரத்துக்கு முன்னும், கதவின் கீழ் விளிம்பில் அடையாள வெட்டு இருக்கும். வண்டியோடு வந்த கையேட்டில் அதன் படம் இருக்கும். ஆயில் தொட்டி, கியர் பெட்டி, மெல்லிய தகட்டுத் தரை ஆகியவற்றின் கீழ் ஜாக்கியை வைக்கலாகாது. மின்சாரக் கார்களில் தரைக்கடியில் பேட்டரி இருப்பதால், குறிக்கப்பட்ட இடத்தைத் தவிர வேறெங்கும் தொடவே கூடாது. பழைய வண்டியானால் துருவையும் கவனிக்க வேண்டும். துருவேறிய விளிம்பு ஜாக்கியின் மேல் அப்பளம்போல் நொறுங்கும்.

நான்காவதாக, சிறிது உயர்த்தி நிறுத்தி, ஜாக்கி செங்குத்தாக நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். சாய்ந்திருந்தால் இறக்கிவிட்டு மறுபடியும் தொடங்குக. சாய்ந்த ஜாக்கியைத் தட்டி நேராக்க முயல்வது பேதைமை.

ஐந்தாவதாக, தேவையான உயரம் வந்ததும், சட்டத்தின் உறுதியான பகுதியின் கீழ் ஸ்டாண்டை வைத்து, ஜாக்கியை மெல்லத் தளர்த்தி, பளுவை ஸ்டாண்டின் மேல் இறக்க வேண்டும். பின்னர் வெளியே நின்றபடி வண்டியைக் கையால் பலமாக அசைத்துப் பார்க்க வேண்டும். விழுவதாயின், நாம் வெளியே நிற்கும்போதே விழட்டும்!

ஆறாவதாக, இரண்டாம் காவல் ஒன்றையும் வைக்க வேண்டும். கழற்றிய சக்கரத்தையோ ஸ்டெப்னியையோ விளிம்பின் கீழே படுக்க வைத்தால், எல்லாம் தவறினாலும் வண்டி முழுதும் கீழே வராது. சக்கரத்தைக் கழற்ற வேண்டாத வேலையில் அதை அப்படியே விட்டுவிடுக. அதுவும் ஒரு காவலே.

வேலை முடிந்ததும், அடியில் கருவிகளோ துணியோ குழந்தைகளோ இல்லை என்று குனிந்து பார்த்த பின்னரே இறக்க வேண்டும். சக்கரத்தின் நட்டுகளை எதிரெதிராக மாற்றி முடுக்கி, வண்டி தரையில் நின்றபின் மீண்டும் ஒருமுறை இறுக்குவது முறை.

ஸ்டெப்னி என்று சொன்னோம். இச்சொல்லின் வரலாறு சுவையானது. 1904-ஆம் ஆண்டு வேல்ஸ் நாட்டின் லனெத்லி என்னும் ஊரில், மாற்றுச் சக்கரம் ஒன்று உருவாக்கப்பட்டது. அவ்வூரின் ஸ்டெப்னி தெருவின் பெயரையே அதற்கு இட்டார்கள். அந்தத் தெருவின் பெயர் இராஜபாளையத்துப் பஞ்சர் கடை வரை வந்து சேர்ந்துவிட்டது.

நெடுஞ்சாலையில் பஞ்சரானால்

திருமங்கலத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர், இராஜபாளையம், செங்கோட்டை வழியாகக் கொல்லம் செல்லும் நெடுஞ்சாலையில், இரவு பகலாகப் பேருந்துகளும் கேரளம் செல்லும் லாரிகளும் ஓடுகின்றன. இச்சாலையில் சக்கரம் காற்றிழந்தால், நின்ற இடத்திலேயே ஜாக்கியை எடுக்கலாகாது. டயர் கெட்டாலும் கெடட்டும் என்று, மெதுவாக ஓட்டிச் சென்று, சாலையைவிட்டு விலகிய சமதளத்தை அடைய வேண்டும். டயருக்கு விலை உண்டு, உயிருக்கு இல்லை. விளக்குகளை மினுங்க விட்டு, எச்சரிக்கை முக்கோணத்தைத் தொலைவிலேயே வைத்து, குடும்பத்தாரை வண்டியிலிருந்து இறக்கிச் சாலைக்கு அப்பால் நிற்கச் செய்த பிறகே வேலையைத் தொடங்குக. லாரி அருகே கடக்கும்போது எழும் காற்றே, ஜாக்கியின் மேல் நிற்கும் காரை அசைக்க வல்லது.

தனியாகச் செய்யலாகாது

கார் மார்பின் மேல் இறங்கிவிட்டால், அகப்பட்டவர் கூவி அழைக்க முடியாது. மார்பு விரிந்தால்தான் மூச்சு; மூச்சிருந்தால்தான் குரல். சில நிமிடங்களில் எல்லாம் முடிந்துவிடும். வீட்டின் உள்ளே இருப்போருக்கு ஒன்றும் தெரியாது. ஆகவே, பெரியவர் ஒருவர் அருகில் இல்லாமல் வண்டியின் அடியில் நுழைதல் கூடாது. அவருக்கு ஜாக்கியை இயக்கத் தெரிந்திருக்க வேண்டும். இரண்டாவது ஜாக்கி ஒன்று அருகில் இருந்தால் மிக நன்று.

விபத்து நேர்ந்துவிட்டால், அகப்பட்டவரின் கையையோ காலையோ பிடித்து இழுக்கலாகாது. ஒரு நொடியும் தாழ்த்தாது வண்டியை ஜாக்கியால் உயர்த்தி முட்டுக் கொடுக்க வேண்டும். அண்டை வீட்டார் பலர் சேர்ந்தால் கைகளாலும் தூக்கலாம். அதே வேளையில் இன்னொருவர் 108 எண்ணை அழைக்க வேண்டும்.

குழந்தைகளைப் பற்றியும் ஒரு சொல். தந்தை செய்வதைக் காண மகனும் மகளும் அருகில் வருவது இயல்பு. வரட்டும், கற்கட்டும். ஆனால் தூக்கிய வண்டியினுள் ஏறவும், கதவை அறைந்து சாத்தவும், கீழே உருண்ட நட்டை எடுக்க அடியில் நுழையவும் ஒருபோதும் விடலாகாது. முட்டுக்கட்டை எதற்கு, ஸ்டாண்டு எதற்கு என்று அவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பது நம் கடமை. நாளை அவர்களும் ஒரு வண்டியின் அடியில் படுக்கப் போகிறவர்கள்தாமே.

நம் மைத்துனர் அந்த அம்பாசடரை விற்றுவிட்டார். அவ்வகைக் கார்களின் உற்பத்தியும் 2014-இல் நின்றுவிட்டது. ஆனால் அவர் வீட்டுத் திண்ணையின் ஓரத்தில் இன்றும் ஒரு ஜோடி ஸ்டாண்டும், இரண்டு ஆப்புக் கட்டைகளும், ஓர் அடிப் பலகையும் எப்போதும் எடுத்து வைக்கப்பட்டிருக்கின்றன. பக்கத்து வீட்டார் யாரேனும் ஜாக்கியைக் கையில் எடுப்பதைக் கண்டால், மாமியாரே அவற்றைக் காட்டி, "முதல்ல இதை வச்சுக்கிடுங்க, அப்புறம் வேலையைப் பாருங்க" என்கிறார்.